கைதியாக வந்த கோல் காவலர்

1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு செய்தி பரவியது. அந்நகரின் புகழ்பெற்ற காற்பந்துக் குழுக்களுள் ஒன்றான மான்செஸ்டர் சிட்டி, தன் கோல் வாயிலைக் காப்பதற்கு ஒரு ஜெர்மானியரை ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதே அச்செய்தி. அவர் வெறும் ஜெர்மானியர் மட்டும் அல்லர். ஹிட்லரின் வான்குடைப் படையில் இருந்து போர் புரிந்தவர்; இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர்; பிரிட்டிஷாரிடம் பிடிபட்டுக் கைதியாக அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்.

போர் முடிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1940 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய இரண்டே இரவுகளில், ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளுக்கு அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொடுத்த நகரம் மான்செஸ்டர். காற்பந்துத் திடல்கள்கூடத் தப்பவில்லை. மான்செஸ்டர் யுனைட்டெட் குழுவின் ஓல்ட் டிராஃபோர்ட் திடல் 1941இல் குண்டுக்கு இரையாயிற்று. அக்குழு தன் எதிர்க்குழுவான சிட்டியின் மேய்ன் ரோடு திடலையே இரவல் வாங்கி ஆடிவந்து, 1949 ஆகஸ்டில்தான் தன் வீடு திரும்பியது. இறைச்சியும் சர்க்கரையும் இன்னும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்த காலம் அது. அந்த ஊரில், அந்த நேரத்தில், ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்து ஆட வைப்பதென்றால் மக்கள் எப்படிப் பொறுப்பர்?

நகரம் கொதித்தெழுந்தது. ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு கண்டனம் முழங்கினர். பருவச் சீட்டு வாங்கியிருந்தோர் திடலுக்கே வரப்போவதில்லை என மிரட்டினர். கண்டனக் கடிதங்கள் குழு நிர்வாகத்தின் மேசையில் வந்து குவிந்தன. அவற்றை எழுதியோரை இன்று குறை கூற நமக்கு நா எழாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் கணவனைப் பறிகொடுத்த மனைவியும் அவர்களுள் இருந்தனர். மேலும், மான்செஸ்டர் யூத மக்கள் பெருந்தொகையினராய் வாழும் நகரம். ஐரோப்பாவில் தம் உற்றாரும் உறவினரும் நச்சுப்புகைக் கூடங்களில் மாண்ட சேதி அவர்களுள் பலருக்கு வந்து சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன.

எதிர்க்கப்பட்ட அந்த மனிதரின் பெயர் பெர்ன்ஹார்ட் கார்ல் டிராவுட்மன். 1923 அக்டோபர் 22ஆம் நாள், வட ஜெர்மனியின் துறைமுக நகரான பிரெமனில் பிறந்தவர். தந்தை துறைமுகத் தொழிலாளி. முதல் உலகப்போரின் தோல்வி, அதன்பின் வந்த பணவீக்கம், அதற்கும்பின் வந்த வேலையில்லாத் திண்டாட்டம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தாக்கிய குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. 1933இல், பத்தாம் வயதில், ஹிட்லர் இளைஞர் இயக்கத்தின் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். ஓட்டமும் பந்தாட்டமும் கூடார வாழ்வும் நிறைந்த அவ்வியக்கம் ஓர் ஏழைச் சிறுவனுக்கு எத்தகைய கவர்ச்சி உடையதாய் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அங்கு விளையாட்டோடு சேர்த்து ஊட்டப்பட்டது என்ன என்பதையும் ஊகிக்கலாம். காற்பந்து மட்டுமன்றிக் கைப்பந்தும் அவர் நன்கு ஆடினார். கையால் பந்தை விசையுடன் எறியும் அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பேருதவி புரிந்தது. அதனைப் பிறகு காண்போம்.

மோட்டார் பழுதுபார்க்கும் தொழில் பயின்றுகொண்டிருந்த அவர், 1941இல் தம் பதினேழாம் வயதில் விமானப் படையில் தாமாகவே சேர்ந்தார். இதனை மூடி மறைத்து, ஏதோ கட்டாயத்தின் பேரில் போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட அப்பாவி என்று அவரைப் பற்றி எழுதுவோர் உளர். உண்மை அதுவன்று. அவர் விரும்பிச் சேர்ந்தார். வான்குடைப் படைக்கு மாறினார். கிழக்குப் போர்முனையில் மூன்றாண்டுகள் போரிட்டார். ஐந்து பதக்கங்கள் பெற்றார். உக்ரேனியக் காடொன்றில் யூதர்களை ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்திச் சுட்டுக் கொன்றதை மறைவில் இருந்து தம் கண்ணாலேயே கண்டார். கண்டும் பேசாதிருந்தார். பேசியிருந்தால் தாமும் அப்பள்ளத்தில் விழுந்திருப்பார் என்பது மெய்யே. எனினும் அக்காட்சி தம்மை இறுதிவரை விடவில்லை என்பதை முதுமையில் அவரே பலமுறை எடுத்துரைத்தார். வீர சாகசக் கதையாக அவர் வரலாற்றைச் சொல்ல முற்படுவோர் இப்பகுதியை ஓரிரு வரிகளில் தாண்டிச் செல்வதைக் காண்கிறோம். இதைத் தாண்டிச் சென்றால் பின்னால் வரும் கடிதத்தின் எடை நமக்குப் புலப்படாது.

அவர் சார்ந்திருந்த படைப்பிரிவில் தொடக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தனர். எஞ்சியோர் தொண்ணூறு பேர் மட்டுமே. ஒருமுறை ரஷ்யரிடமும் மறுமுறை பிரெஞ்சு எதிர்ப்புப் படையினரிடமும் பிடிபட்டு, இருமுறையும் தப்பினார். 1945இல், போரின் இறுதிக் கட்டத்தில், தன்னந்தனியராய் ஊர் நோக்கி நடந்துகொண்டிருந்தபோது எதிரிப் படையினரிடம் அகப்பட்டார். சுட்டுவிடுவார்கள் என்றஞ்சி ஓட்டம் பிடித்து, ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தார். குதித்த இடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவன் நின்றிருந்தான். தேநீர் அருந்துகிறாயா என்று அச்சிப்பாய் கேட்டதாக டிராவுட்மன் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஜெர்மானியக் கைதிகள் விசாரிக்கப்பட்டு, நாஜிக் கொள்கையில் அவர்களுக்கிருந்த பிடிப்பின் அளவுக்கேற்ப வகைப்படுத்தப்பட்டனர். டிராவுட்மன் முதலில் கடும் நாஜி என்னும் வகையிலேயே வைக்கப்பட்டார். வதை முகாம்களின் திரைப்படங்களைக் கைதிகளுக்குக் காட்டினர். யூத அதிகாரி ஒருவருக்குக் காரோட்டியாகவும் அவர் பணிபுரிய நேர்ந்தது. சிறு வயது முதல் வெறுக்கும்படி கற்பிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு மனிதரோடு நாள்தோறும் ஒரே வண்டியில் செல்ல வேண்டியிருந்தது. தொடக்கத்தில் சச்சரவு, பின்னர் மெல்ல மெல்ல ஒரு பழக்கம். மனமாற்றம் என்பது ஒரே இரவில் நிகழ்வதாகக் கதைகளில் எழுதிவிடலாம். அவர் விஷயத்தில் அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

லங்காஷயர் வட்டாரத்தில் ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டு என்னும் ஊரையடுத்த முகாமில்தான் அவர் கோல் காவலரானார். அதுவரை தற்காப்பு வரிசையில் நின்று ஆடியவர் அவர். உள்ளூர்க் குழுவுடன் நடந்த ஓர் ஆட்டத்தில் காயமுற்றபோது, திடலை விட்டு வெளியேற மனமின்றிக் கோல் காவலருடன் இடம் மாற்றிக்கொண்டார். அன்று மாறியவர் திரும்பவே இல்லை. 'பெர்ன்ட்' என்ற அவரது அழைப்புப் பெயர் ஆங்கிலேயர் நாவில் புரளாததால் 'பெர்ட்' ஆனதும் அம்முகாமில்தான்.

1946இல் பிரிட்டனில் இருந்த ஜெர்மானியக் கைதிகள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். அவர்கள் வயலில் உழைத்தனர், சாலை போட்டனர், இடிபாடுகளை அகற்றினர். அவ்வாண்டின் டிசம்பர் வரை உள்ளூர் மக்கள் அவர்களோடு பழகுவதற்கே தடை இருந்தது. 1948இல் அனைவரையும் திருப்பியனுப்பி முடித்தபோது சுமார் 24,000 பேர் ஊர் திரும்ப விரும்பாது அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களுள் டிராவுட்மனும் ஒருவர். ஒரு பண்ணையில் சில காலம் வேலை செய்தார். பிறகு லிவர்பூலை அடுத்த ஹைட்டனில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணியில் சேர்ந்தார். தம் நாட்டார் போட்ட குண்டுகளைத் தாமே தோண்டியெடுக்கும் வேலை! இதற்கு மேல் ஒரு கதாசிரியன் கற்பனை செய்ய என்ன இருக்கிறது?

வார இறுதிகளில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறிய குழுவுக்குக் கோல் காவலராக நின்றார். அக்குழுவின் ஆட்டங்களுக்குச் சில நூறு பேர் வருவதே வழக்கம். ஜெர்மானியக் காவலரைப் பார்க்க வந்த கூட்டம் நாளுக்கு நாள் பெருகி, ஒரு கிண்ண இறுதியாட்டத்திற்கு 9,000 பேர் திரண்டனர். போர் முடிந்தபின் முதன்முதலாகப் பிரெமனுக்குப் பெற்றோரைக் காணப் புறப்பட்டபோது, குழுவின் ஆதரவாளர்கள் ஒரு பெட்டி நிறைய உணவுப் பொருள்களையும் 50 பவுனையும் அவர் கையில் கொடுத்தனுப்பினர். கொடுத்தவர்கள் யார்? பங்கீட்டு அட்டையுடன் வரிசையில் நின்று ரொட்டி வாங்கிய சுரங்கத் தொழிலாளரும் கண்ணாடித் தொழிற்சாலைப் பாட்டாளிகளும் தாம். இப்பெருந்தன்மை குறித்து எழுதியோர் மிகச் சிலரே. குழுச் செயலாளர் ஜாக் ஃபிரையரின் மகள் மார்கரெட்டை 1950இல் டிராவுட்மன் மணந்துகொண்டார்.

இப்போது மீண்டும் மான்செஸ்டருக்கு வருவோம்.

அவர் நிரப்ப வேண்டிய இடமும் எளியதன்று. சிட்டியின் கோல் வாயிலில் அதுவரை நின்றவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். இங்கிலாந்து நாட்டுக் குழுவுக்கே தலைமை தாங்கியவர். நகர மக்களின் செல்லப்பிள்ளை. (ஓய்வுக்குப்பின் பத்திரிகையாளராகி, 1958இல் யுனைட்டெட் குழுவினருடன் மியூனிக் விமான விபத்தில் மாண்டவர் இவரே.) அப்படிப்பட்டவரின் இடத்தில் ஒரு பகைநாட்டான்.

குழுவின் தலைவர் எரிக் வெஸ்ட்வுட், நார்மண்டிக் கடற்கரையில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவர். அவர் புதியவரை அழைத்துவந்து, இந்த அறைக்குள் போர் என்று எதுவும் கிடையாது என்னும் பொருள்படச் சொல்லி, மற்றவர்களைப் போல் அவரும் ஒருவர் என வரவேற்றார். வெளியில் இருந்தோருக்கு அச்சொல் எட்டவில்லை. அவர்களுக்கு எட்டியது மற்றொருவரின் சொல்.

அவர்தான் மான்செஸ்டர் யூத சமூகத்தின் சமயகுரு அலெக்சாந்தர் ஆல்ட்மன். தத்துவ ஆராய்ச்சியில் ஆழங்கால்பட்ட அறிஞர். பெர்லினில் யூத குருவாகப் பணியாற்றி, நாஜிகளின் கொடுமை முற்றிய 1938இல் அங்கிருந்து தப்பி மான்செஸ்டர் வந்து சேர்ந்தவர். அவருடைய தந்தை அடோல்ஃப் ஆல்ட்மன் டிரியர் நகரின் தலைமைச் சமயகுருவாக இருந்தவர். 1944இல் ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்தில் உயிரிழந்தார். தாயும் நாஜிகளால் கொல்லப்பட்டார். டிராவுட்மனை வெறுப்பதற்கு அந்நகரில் எவருக்கேனும் முழு உரிமை இருந்ததென்றால் அது இவருக்கே இருந்தது.

அந்த ஆல்ட்மன் 'மான்செஸ்டர் ஈவினிங் க்ரானிக்கிள்' நாளிதழுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜெர்மானியர் கையில் யூத மக்கள் பட்ட துன்பத்தை அவர் அதில் மறைக்கவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. ஆனால் அக்குற்றங்களில் சம்பந்தம் உண்டென மெய்ப்பிக்கப்படாத ஒரு தனி மனிதனை, அவன் ஜெர்மானியன் என்பதற்காக மட்டும் தண்டிப்பது நியாயமாகாது என்று அவர் வாதிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிடக்கூடாது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இக்கடிதத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஆல்ட்மன் மன்னித்தாரா? அப்படித்தான் பலரும் எழுதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. மாண்டவர் சார்பில் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் தமக்கு உண்டென அவர் எங்கும் உரிமை கொண்டாடவில்லை. அவர் செய்தது அதனினும் கடினமானது. ஓர் இனம் முழுவதையும் ஒரே குற்றவாளியாகப் பார்க்கும் பார்வையால் தம் பெற்றோரையே இழந்தவர், அதே பார்வையைத் தாம் கைக்கொள்ள மறுத்தார். இன்னொன்றும் உண்டு. டிராவுட்மன் போரில் என்னென்ன கண்டார் என்பது அன்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாரா? நானறிந்த வரையில் அதற்கு விடை கூற எவராலும் இயலாது. கடிதம் வெளியானபின் எதிர்ப்பின் வேகம் தணிந்தது என்பது மட்டும் வரலாறு. ஆல்ட்மன் 1959இல் அமெரிக்கா சென்று பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், 1987இல் காலமானார். காற்பந்து நூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி.

1949 நவம்பர் 19ஆம் நாள் போல்ட்டன் வாண்டரர்ஸ் குழுவுக்கு எதிராக டிராவுட்மன் முதன்முறை களமிறங்கினார். சொந்தத் திடலில் ஏச்சு குறைந்தாலும் வெளியூர்த் திடல்களில் ஓயவில்லை. 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹம் குழுவுடன் ஆட்டம். குண்டுவீச்சில் மான்செஸ்டரைவிடப் பன்மடங்கு அடிபட்ட நகரம் லண்டன். அவர் கோல் வாயிலில் போய் நின்றதுமே நாஜி என்ற கூச்சல் விண்ணைப் பிளந்தது. அப்பருவத்தில் சிட்டி மிகவும் நலிந்திருந்தது. எத்தனை கோல் வாங்கித் திரும்புமோ என்றிருந்த நிலை. பந்துக்குப்பின் பந்தாகத் தடுத்து நின்றார் டிராவுட்மன். சிட்டி 0-1 என்று தோற்றது. தோல்வி அத்துடன் நின்றதற்கு அவர் ஒருவரே காரணம். ஆட்டம் முடிந்ததும், ஏசிய அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரு குழுவினரும் இருபுறமும் வரிசையாக நின்று அவருக்கு வழிவிட்டுக் கைதட்டினர். அப்பருவ முடிவில் சிட்டி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மறு ஆண்டே மீண்டும் ஏறியது.

அவர் ஒருவர்தான் இவ்வாறு வந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஹம்பர்க் நகரத்தவரான அலாய்ஸ் ஐசன்ட்ரேகர் என்ற மற்றொரு முன்னாள் கைதி, ஏறத்தாழ அதே காலத்தில் பிரிஸ்டல் சிட்டி குழுவில் சேர்ந்து பல ஆண்டுகள் முன்வரிசையில் ஆடினார். அவருக்கு இத்தகைய எதிர்ப்பும் இல்லை. இத்தகைய புகழும் இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் இன்றைய கோடிக்கணக்கான வருமானத்தை வாசகர்கள் நினைத்துவிடக்கூடாது. அந்நாளில் இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் இவ்வளவுக்கு மேல் கொடுக்கலாகாது என்ற உச்சவரம்பு இருந்தது. டிராவுட்மன் சேர்ந்தபோது அது வாரத்துக்கு 12 பவுன், 1951இல் 14, 1958இல் 20. 1961இல்தான் அவ்வரம்பு நீங்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் குழு விடுவித்தாலன்றி வேறிடம் போக இயலாது. 1952இல் ஜெர்மனியின் ஷால்க்க குழு 1,000 பவுன் தந்து அவரை அழைத்துக்கொள்ள முன்வந்தது. அதைப்போல் இருபது மடங்கு மதிப்புடையவர் இவர் என்று கூறிச் சிட்டி மறுத்துவிட்டது. மதிப்பு 20,000 பவுன். கூலி வாரத்துக்கு 14 பவுன். கம்பிவேலி முகாமில் இருந்து விடுபட்டவர் வேறொரு வகை வேலிக்குள் இருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

தாய்நாட்டுக் குழுவுக்கும் அவர் ஆடவில்லை. மேற்கு ஜெர்மனியின் பயிற்றுநர் ஜெப் ஹெர்பர்கர் உள்நாட்டில் ஆடுவோரை மட்டுமே தேர்ந்தெடுத்தார். 1954இல் மேற்கு ஜெர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது, அந்நாட்டின் மிகச் சிறந்த கோல் காவலர் எனப் பலரும் கருதியவர் இங்கிலாந்தில் இருந்தார்.

அவருடைய ஆட்டத்தின் தனிச்சிறப்பைச் சிறிது சொல்ல வேண்டும். அக்காலத்துக் கோல் காவலர்கள் பந்து கைக்கு வந்ததும் அதனைத் தொலைதூரத்துக்கு உதைத்து அனுப்புவர். அது யார் காலில் விழும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். டிராவுட்மனோ கைப்பந்தில் பழகிய தோள்வலியால் பந்தை எறிந்து, தம் குழுவினர் காலடியில் குறிதவறாமல் சேர்ப்பார். தற்காப்பின் கடைசி ஆள் தாக்குதலின் முதல் ஆளாக மாறினார். 1953 நவம்பரில் ஹங்கேரி வெம்பிளி திடலில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தி உலகையே வியக்க வைத்தது. அதன் நடு முன்னணி ஆட்டக்காரர் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காது பின்னுக்கு வந்து பந்தைப் பகிர்ந்தளித்தார். அம்முறையைச் சிட்டி கையாண்டது. டான் ரெவீ அந்த இடத்தில் ஆடினார். 'ரெவீ திட்டம்' என்று பெயர்பெற்ற அம்முறைக்கு, பந்தைப் பறிகொடுக்காமல் பின்னிருந்து தொடங்கிவைக்கும் டிராவுட்மனின் எறிதல் இன்றியமையாத அச்சாணியாய் இருந்தது. பெயர் மட்டும் ரெவீக்குப் போயிற்று.

அம்முறையின் பயனாய்ச் சிட்டி 1955இல் இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டியது. அவ்விறுதியாட்டத்தில் ஆடிய முதல் ஜெர்மானியர் டிராவுட்மனே. நியூகாசல் குழுவின் ஜாக்கி மில்பர்ன் 45ஆம் விநாடியிலேயே கோல் போட்டார். சிட்டியின் ஜிம்மி மெடோஸ் முதல் பாதியிலேயே முழங்கால் முறிவுற்று வெளியேற, பத்தே பேருடன் ஆடி 1-3 எனத் தோற்றனர். அடுத்த ஆண்டும் சிட்டி வெம்பிளி சென்றது. இறுதியாட்டத்திற்கு முன்னரே, காற்பந்து எழுத்தாளர் சங்கம் 1956ஆம் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரராக டிராவுட்மனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவ்விருது ஒரு கோல் காவலருக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. ஏழாண்டுகளுக்கு முன் அவர் வருகையைக் கண்டித்து ஊர்வலம் நடந்த நாட்டின் விருது அது.

1956 மே 5. பர்மிங்ஹம் சிட்டி குழுவுக்கு எதிரான இறுதியாட்டம். மூன்றாம் நிமிடத்தில் ஜோ ஹேய்ஸ் மான்செஸ்டருக்கு முதற் கோலைப் போட்டார். பர்மிங்ஹமின் கின்சி அதைச் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் டைசனும் ஜான்ஸ்டனும் அடுத்தடுத்துக் கோல் போட, மான்செஸ்டர் 3-1 என முன்னணி பெற்றது. ஆட்டம் முடிய 17 நிமிடங்கள் இருந்தபோது, பர்மிங்ஹமின் பீட்டர் மர்ஃபி பந்தோடு பாய்ந்து வந்தார். டிராவுட்மன் அவர் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றினார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதியது. சிறிது நேரம் நினைவிழந்து கிடந்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அந்நாளைய விதிகளில் இடமில்லை. அவர் வெளியேறினால் குழு பத்துப் பேருடன் ஆட வேண்டும். கோல் வாயிலில் வேறொருவர் நிற்க வேண்டும். எழுந்தார், நின்றார். கண் இருண்டது, எதிரே ஓடுவோர் நிழலாய்த் தெரிந்தனர் என்று பின்னர் கூறினார். அந்நிலையிலும் வந்த பந்துகளைத் தடுத்தார். மான்செஸ்டர் வென்றது. பரிசளிப்பின்போது அவர் கழுத்து ஒருபக்கமாய்க் கோணியிருந்ததை இளவரசர் ஃபிலிப் கவனித்து வினவினார்.

சாதாரணப் பிடிப்புதான் என்று லண்டன் மருத்துவமனையில் சொல்லிவிட்டனர். வலி தீரவில்லை. சில நாள் கழித்து மான்செஸ்டரில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, கழுத்தெலும்புகளில் ஐந்து இடம் பெயர்ந்திருந்தமையும் இரண்டாவது எலும்பு இரண்டாய்ப் பிளந்திருந்தமையும் தெரிந்தன. மூன்றாவது எலும்பு அந்தப் பிளவோடு ஆப்புப்போல் இறுகி நின்றதனாலேயே உயிர் தப்பியிருந்தார். கழுத்தைக் கட்டிலில் பிணித்து மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றார். அச்சிகிச்சைக் காலத்திலேயே, இறுதியாட்டம் நடந்து இரண்டு மாதம் முடிவதற்குள், அவருடைய ஐந்து வயது மூத்த மகன் சாலையில் கார் மோதி இறந்தான். முறிந்த கழுத்தின் கதையை உலகம் இன்றளவும் பேசுகிறது. அந்தத் தம்பதியர் இழந்ததைப் பற்றிப் பேச்சு குறைவு. அம்மணவாழ்வு 1972இல் முறிந்தது. மகனின் சாவிலிருந்து அவர்கள் மீளவேயில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே மீண்டும் திடலுக்கு வந்தார். முன்னைய உறுதி திரும்பச் சிறிது காலம் பிடித்தது. 1957-58 பருவத்தில் சிட்டி 104 கோல் போட்டு 100 கோல் வாங்கியது. இவ்விரண்டையும் ஒரே பருவத்தில் செய்த குழு இங்கிலாந்தின் முதற்பிரிவில் வேறில்லை. அந்நூறில் பெரும்பங்கு டிராவுட்மன் வாயிலில் புகுந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1964 வரை 545 ஆட்டங்கள் ஆடி ஓய்ந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த பிரிவுபசார ஆட்டத்திற்குக் கணக்கில் வந்தோர் மட்டும் 47,000 பேர். சிட்டியும் யுனைட்டெட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே குழுவாக அவருக்காக ஆடின.

பின்னர் ஸ்டாக்போர்ட் கவுண்டி குழுவின் நிர்வாகியாகவும், ஜெர்மனியில் சிறு குழுக்களின் பயிற்றுநராகவும் சில ஆண்டுகள் கழித்தார். அவற்றில் சிறப்பித்துச் சொல்லத்தக்கது ஏதுமில்லை. சிறந்த ஆட்டக்காரரெல்லாம் சிறந்த நிர்வாகியாவதில்லை.

நம் வட்டாரத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது 1972இல். வளரும் நாடுகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பும் மேற்கு ஜெர்மனியின் திட்டத்தின் கீழ் முதலில் பர்மாவுக்குச் சென்றார். அன்றைய பர்மா ஆசியக் காற்பந்தில் அசைக்க முடியாத நாடு. 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் பெற்றது. நமது மெர்டேக்கா கிண்ணத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தூக்கிச் சென்றது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனிடமும் மெக்சிகோவிடமும் 0-1 என்ற அளவிலேயே தோற்று, சூடானை 2-0 என வென்றது. அதே ஒலிம்பிக்கில்தான் சோ சின் ஆன், எம். சந்திரன் முதலியோர் அடங்கிய நம் மலேசியக் குழு அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

போர்க்கைதி என்ற சொல்லுக்கு நம் மண்ணில் வேறொரு நினைவு உண்டு. டிராவுட்மன் ரங்கூனில் வந்திறங்கியதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போட்டனர். அதில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மடிந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மடிந்தவர்கள் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர். அவர்களைக் கைதிகள் என்றுகூட எவரும் பதிவு செய்யவில்லை. இங்கிலாந்தின் ரெடிங் குழுவுக்காக ஆடிய ஜானி ஷெர்வுட் என்ற தொழில்முறை ஆட்டக்காரரும் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, அந்த ரயில் பாதையில் உழன்று, உயிரோடு மீண்டு, மறுபடியும் காற்பந்து ஆடினார். ஒரே போர், ஒருபுறம் தேநீர் கொடுத்த சிறை, மறுபுறம் கஞ்சியும் காலராவும். லங்காஷயர் முகாமில் ஒரு கைதி கோல் காவலராக முடிந்தது என்றால், அங்கே அவனுக்கு வயிற்றுக்குச் சோறும் விளையாட ஒரு திடலும் இருந்தன என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பர்மாவில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கிய டிராவுட்மன், அதன்பின் தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் ஆகிய நாடுகளிலும் பயிற்றுநர்களுக்குப் பயிற்சியளித்தார். 1988இல் ஓய்வு பெற்று ஸ்பெயின் நாட்டில் வலென்சியாவுக்கு அருகில் குடியமர்ந்தார். 2013 ஜூலை 19ஆம் நாள், தம் 89ஆம் வயதில் அங்கேயே காலமானார். அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன், 2004இல், இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே நல்லுறவு வளர்த்தமைக்காகப் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கியிருந்தது. விருதை அவர் பெற்றுக்கொண்ட இடம் பெர்லினில் உள்ள பிரிட்டிஷ் தூதரகம். 1938இல் அலெக்சாந்தர் ஆல்ட்மன் விட்டுப் புறப்பட்ட நகரம்.